ஒரு கிழ யந்திரத்தின் மங்கள ஸ்நானம்

திருவொற்றியூருக்குச் செல்கிறவர்கள் பெரும்பாலும் தியாகராஜ ஸ்வாமியையும் வடிவுடையம்மனையும் தரிசிப்பதற்காகவே செல்கிறார்கள். சற்றுப் பொறுமையுள்ளவர்கள் கடற்கரைப் பக்கம் நடந்து பட்டினத்தார் சமாதியையும் கண்டு திரும்புவார்கள். நாமும் இவ்விரண்டையும் செய்தோம். ஆயினும் நாம் அவ்வூருக்குப் போன காரியம் வேறு. ஒரு மோட்டார் ஸைக்கிள் யந்திரத்தின் ஜன்ம பூமியைப் பார்த்து வரப் போயிருந்தோம்.

விஷயம் இதுதான். செங்கற்பட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர் நம் பத்திரிகையின் நெடுநாளைய நேயர். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்து எல்.எம்.பி. டாக்டர். 1962-ஆம் வருஷத்தில் அந்த டாக்டர் ஒரு 'புல்லட்' மோட்டார் ஸைக்கிள் வாங்கினார். பிரசவமென்றாலும் பாம்புக் கடியென்றாலும் நடு ராத்திரியில் அதன் சப்தம் கேட்டவுடனே, "டாக்டர் வந்துவிட்டார்" என்று சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் பெருமூச்சு விடுமாம். டாக்டர் காலமான பிறகு அந்த வாகனம் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு முட்டுக் கொடுத்துக் கொண்டு நின்றது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு இப்போது அதை மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று ஆசை பிறந்திருக்கிறது. "வருகிற வியாழக்கிழமை அம்பத்தூரில் அதன் எஞ்சினைக் கழுவப் போகிறார்கள். கழுவுவது என்றால் சாதாரணக் கழுவல் அல்லவாம். வந்து பார்த்து நாலு பேருக்குத் தெரியும்படி எழுதுங்கள்" என்று நமக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

ஒரு பிரகிருதியின் மங்கள ஸ்நானத்துக்கு அழைப்பு வந்தால், அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டு போவதுதானே மரியாதை? ஆகவே முதல் நாளே படம் வரையும் நண்பரையும் அழைத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு ரயிலேறினோம். இப்போதெல்லாம் மெட்ரோ ரயில் அவ்வூரைத் தாண்டி விம்கோ நகர் வரையில் போகிறது. ஆகாசத்தில் போகும் அந்த ரயிலின் ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தால் வீடுகளுக்கு இடையிடையே கடல் தெரிகிறது. ஊருக்குள் இறங்கி நடந்தால் உப்புக் காற்று முகத்தில் ஒட்டுகிறது. உப்புக் காற்று மனிதர்களுக்கு எவ்வளவு சுகமோ, அலுமினியத்துக்கு அவ்வளவு விரோதி. இதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

'புல்லட்' என்னும் பெயர் 1932-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் பிறந்துவிட்டது. பிறப்பித்தது ராயல் என்ஃபீல்டு கம்பெனி. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கம்பெனியார் பின் சக்கரமும் வில்லின் மேல் ஏறி இறங்கும்படியான புதிய புல்லட்டைச் செய்தார்கள். அதற்கு எழுபது மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு ஸிலிண்டர். அதற்குள் தொண்ணூறு மில்லிமீட்டர் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். கணக்குப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர் வரும். நம் தேசத்து எல்லைப்புறக் காவலுக்குத் தகுந்த வாகனமென்று நமது ராணுவத்தார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கடல் கடந்து இவ்வளவு வண்டிகளை வாங்குவதைவிட இங்கேயே செய்தாலென்ன என்ற கேள்வி எழுந்தது. 1955-ஆம் வருஷத்தில் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் இங்கிலாந்துக் கம்பெனியாரும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். மறு வருஷமே திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

முதலில் உதிரி பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வார்ப்பதும் கடைவதும் அறுப்பதும் இங்கேயே நடக்கத் தொடங்கின. இதற்குள் தாய் வீட்டில் காலம் சரியில்லை. ரெட்டிச் நகரத்திலிருந்த பெரிய தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தப் பெயர் கொண்ட யந்திரம் செய்யப்படவேயில்லை. மகள் வீட்டிலோ அடுப்பு அணையவில்லை. 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே போய் விற்பனையாயின! சீதனமாக வந்த பாத்திரத்தில் பாயசம் காய்ச்சிப் பிறந்தகத்துக்கே அனுப்பி வைத்த கதைதான்.

தொழிற்சாலை மதிலைப் பார்த்துவிட்டுப் பட்டினத்தார் சமாதிக்கு வந்து உட்கார்ந்தபோது, படக்கார நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "இந்த யந்திரத்தைச் செய்த ரெட்டிச் ஊர்க்காரர்கள் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்றார்.

"ஊசி" என்றோம்.

நண்பர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு சகல ஐசுவரியங்களையும் துறந்த மகானின் சமாதியில் உட்கார்ந்துகொண்டு ஊசியைப் பற்றிப் பரிகாசம் செய்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் நாம் சொன்னது அப்பட்டமான உண்மை. பர்மிங்ஹாமுக்குத் தெற்கே உள்ள ரெட்டிச், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கெல்லாம் தையல் ஊசி செய்து கொடுத்த ஊர். ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டே போனால், ஜார்ஜ் டவுன்ஸெண்டு என்பவரின் ஊசிப் பட்டறையில்தான் போய் முடியும். ஊசியிலிருந்து ஸைக்கிள், ஸைக்கிளிலிருந்து துப்பாக்கியின் உறுப்புகள், 1901-ல் மோட்டார் ஸைக்கிள். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த பெருமையால்தான் அந்தப் பெயரே வந்தது.

ஊசிக் கதையை இங்கே சொல்லுவதற்குக் காரணம் உண்டு. மறு நாள் அம்பத்தூரில் நாம் பார்க்கப்போகும் காரியத்தின் வேர் அந்த ஊசிப் பட்டறைகளில் இருக்கிறது.

ஊசிக்கு இரண்டு வேலைகள் முக்கியமானவை. ஒன்று, முனையைக் கூர்மையாக்குவது. மற்றொன்று, உடம்பை வழுவழுப்பாக்குவது. இரண்டாவது வேலையைத் தண்ணீர்ச் சக்கரம் செய்தது. ஆயிரக்கணக்கான ஊசிகளை எமரிப் பொடியும் குழைந்த சவர்க்காரமும் சேர்த்துத் துணியில் கட்டி, நம் வீடுகளில் கோரைப் பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி, கனமான பலகைக்கு அடியில் போட்டுப் பல நாள் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். ரெட்டிச்சில் ஃபோர்ஜ் மில் என்னும் ஆலையில் இந்த வேலை 1958 வரையில் நடந்திருக்கிறது. இன்று அது ஒரு பொருட்காட்சி சாலை. உராய்வதற்கு ஒரு பொடி. அதன் கோபத்தைத் தணிப்பதற்கு ஈரம். இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

முனையைத் தீட்டும் வேலைதான் பொல்லாதது. ஈரச் சாணையில் தீட்டினால் ஊசி துருப்பிடித்துவிடுமென்று உலர்ந்த சாணைக் கல்லில் தீட்டினார்கள். கல்லின் தூளும் உருக்கின் தூளும் மூச்சோடு உள்ளே போயின. தீட்டுகிறவர்களில் நாற்பது வயதைக் கண்டவர் அபூர்வம். அந்த வியாதிக்கு அவ்வூரார் தீட்டுகிறவர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். இதில் ஆச்சரியம் என்னவென்றால், தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிகளைப் பொருத்தலாமென்று பிறர் சொன்னபோது, தொழிலாளர்களே அதை எதிர்த்தார்கள். அபாயம் போய்விட்டால் அபாயத்துக்காகக் கிடைக்கும் அதிகக் கூலியும் போய்விடுமே என்று பயந்தார்கள்! மனிதனுடைய வயிறு அவனுடைய மார்புக்கு எப்படி எதிரியாகிறது பாருங்கள்.

*

வியாழக்கிழமை காலையில் அம்பத்தூருக்குப் போகிற வழியில் புதுப்பேட்டையில் இறங்கினோம். கூவம் நதிக்கரையில் உள்ள இந்தப் பேட்டையைப் பார்க்காதவர்கள் மோட்டார் வாகனங்களின் மறுபிறவித் தத்துவத்தை அறியாதவர்களே. பெரியவர் தம்முடைய யந்திரத்துக்கு ஒரு டைமிங் கவர் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய கவரில் விரிசல் விழுந்திருந்தது. நாலாவது கடையில் அகப்பட்டது. "இது எந்த வருஷத்துச் சாமான், தம்பி?" என்று பெரியவர் கேட்க, கடைக்காரப் பிள்ளை, "பெரியவரே, இது உங்க வண்டிக்கு அண்ணன் தம்பி வண்டிதான். எண்ணெய் போற ஓட்டை எல்லாம் அப்படியே இருக்கு, ஊதிப் பாருங்க" என்றான். பெரியவர் ஊதிப் பார்த்தார். காற்று போயிற்று. பேரம் பேசி வாங்கினார். அதன் மேல் படிந்திருந்த கறுப்பைக் கண்டு படக்கார நண்பர் அதை இரும்பு என்றே நினைத்துவிட்டார்.

பழைய சாமான்களைச் சுத்தம் செய்வதற்குச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. காற்றை அழுத்தி அதன் வேகத்தில் மணலை வாரி அடிப்பது. அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்க்மன் என்பவர் 1870-ல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். துருவும் பெயிண்டும் நொடியில் பறந்துவிடும். நகரத்தின் ஒரு மூலையில் இப்படி மணல் அடிக்கும் இடம் ஒன்றை வழியிலே கண்டோம். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பல ஊர்களிலும் இதே காட்சிதான். தகரக் கூரையின் கீழ், முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு வாலிபன் ஒரு சக்கரத்தின் மேல் மணலை அடித்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி வெண்புகை. அவன் நிற்கிற இடமே தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரிகிற தூள் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நுரையீரலின் அடி வரையில் போய்த் தங்கி, அங்கே தழும்பு தழும்பாகக் கட்டிக்கொள்ளுகிறது. ஸிலிகோஸிஸ் என்னும் இந்த வியாதியைக் குணப்படுத்தும் மருந்து இன்று வரையில் இல்லை. நம் தேசத்தில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இது இடம் பெற்றுவிட்டது. பிரிட்டனிலோ அதற்கு மறு வருஷம் விதி செய்து, வார்ப்புப் பாகங்களைச் சுத்தம் செய்ய மணலை அடிக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். துருக்கி தேசத்தில் நீலக் கால்சட்டைத் துணிக்குப் பழசு போன்ற வெளிறல் ஏற்படுத்துவதற்காக மணலடித்த இளைஞர்கள் பலர் இந்த வியாதியில் மடிந்த பிறகு, 2009-ல் அங்கேயும் தடை வந்தது. புதுத் துணியைப் பழசாக்குவதற்கு ஒரு உயிரா! ஈரத் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது என்பதை அந்த வாலிபனிடம் போய்ச் சொன்னோம். "பழகிப் போச்சு ஸார்" என்றான்.

*

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாம் போன பட்டறை பெரிதல்ல. ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டு அளவு இருக்கும். நடத்துகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மேஸ்திரி. பெயரைப் போடவேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஏற்கனவே வேலை நெரிகிறதாம். மூலையில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. முன்புறம் கண்ணாடி ஜன்னல். அதன் கீழே இரண்டு வட்டத் துவாரங்கள். அவற்றில் முழங்கை வரையில் வரும் ரப்பர்க் கையுறைகள் உள்பக்கமாகத் தொங்குகின்றன. காலுக்கு ஒரு மிதி. பெட்டியின் அடிப்பாகம் புனல் போல் குறுகி ஒரு தொட்டியில் முடிகிறது. இதுதான் 'வெட் பிளாஸ்டிங்' பெட்டி. தொழிலில் உள்ளவர்கள் 'வேப்பர் பிளாஸ்டிங்' என்றும் சொல்லுவதுண்டு. ஆனால் இதில் ஆவி ஒன்றும் இல்லை. தண்ணீர்தான்.

தொட்டியில் உள்ள தண்ணீரில் கண்ணாடி மணிகள் கலந்திருக்கின்றன. மணி என்றால் பாசிமணி என்று எண்ணிவிட வேண்டாம். மேஸ்திரி ஒரு பிடி அள்ளி நம் உள்ளங்கையில் வைத்தார். ரவையைவிடப் பொடிசு, கோலமாவைப் போல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பூதக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் உருண்டை. ஒரு பம்பு இந்தக் கலவையைக் கையிலுள்ள குழாய் முனைக்கு ஏற்றுகிறது. அங்கே அழுத்தப்பட்ட காற்று அதனோடு சேர்ந்து வேகம் கொடுக்கிறது. காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அறுபது பவுண்டு. மோட்டார் கார் டயரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அடித்த கலவை மறுபடியும் தொட்டிக்கே வடிந்து, மறுபடியும் ஏறுகிறது.

"மணலுக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டோம்.

"உங்க வீட்டுல பித்தளைக் குடத்தை எதால தேய்ப்பாங்க ஸார்?" என்று திருப்பிக் கேட்டார் மேஸ்திரி.

"புளி."

"புளி தீர்ந்துபோனா?"

"செங்கல் தூளை நனைத்துத் தேய்ப்பார்கள்."

"நனைக்காம தேய்ச்சா?"

குடம் முழுவதும் கீறல் விழுந்துவிடும் என்பது எந்த வீட்டு அம்மாளுக்கும் தெரியும். இதைவிட நல்ல விளக்கம் எந்த இஞ்சினீயரிங் புஸ்தகத்திலும் அகப்படுமா என்பது சந்தேகம். உலர்ந்த மணல் கூர்மையான முனையால் அலுமினியத்தைக் கொத்துகிறது. கொத்திய இடம் சொரசொரப்பாகி, அடுத்த மாதமே அழுக்கையும் எண்ணெயையும் குடித்துக் கறுக்கிறது. ஈர மணியோ உருண்டையாக இருப்பதாலும், தன்னைச் சுற்றித் தண்ணீர்ப் போர்வை போர்த்திக்கொண்டு வருவதாலும், உலோகத்தைத் தட்டிவிட்டு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. தட்டுவதால் மேல்தோலில் உள்ள நுண்ணிய துவாரங்கள் சற்று மூடிக்கொள்ளுகின்றன. பெயர்ந்த அழுக்கைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போகிறது. புழுதியும் எழும்புவதில்லை. கண்ணாடி, மணலின் உறவுதான் என்றாலும் அதனுடைய உள் அமைப்பு வேறு. மணலைப் போல் மார்புக்கு யமனாவதில்லை. ஆனாலும் கலவை காய்ந்து தரையில் பொடியாகிவிட்டால் அதையும் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்கவேண்டும் என்று மேஸ்திரி தம் உதவிப் பையனுக்குக் கட்டளையிட்டிருக்கிறார்.

பெட்டிக்குள் போவதற்கு முன்னால் நடக்கும் சடங்குகள் அநேகம். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் போட்டு அறவே போக்கவேண்டும். இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் குழம்பாகிவிடும். சிலர் அவசரப்பட்டுக் காஸ்டிக் சோடாவில் ஊறப் போடுகிறார்கள். அது இரும்புக்குச் சரி. அலுமினியத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தின்றுவிடும். அடுத்தபடியாக, கிராங்க் கேஸில் இறுகியிருக்கும் பேரிங்குகளைக் கழற்றவேண்டும். சுத்தியால் அடித்தால் விரிசல் விழும். அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் தானாக விழும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது என்பதே ரகசியம். மேஸ்திரி, சூடான கேஸைக் கோணி மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பேரிங், பழுத்த நாவற்பழம் போல் 'பொத்'தென்று விழுந்தது. பிறகு ஆணி போகும் துவாரங்களிலெல்லாம் பழைய ஆணிகளைத் திருகி அடைத்தார். பேரிங் உட்காரும் வட்டங்களுக்கும் எண்ணெய் ஓடும் வழிகளுக்கும் ரப்பர் மூடி போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பெரியவர் முகம் வாடியிருப்பதைக் கவனித்தோம். மெதுவாக விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. முப்பது வருஷங்களுக்கு முன் இந்த வண்டியை ஓரிடத்தில் ரிப்பேருக்கு விட்டிருந்தாராம். அங்கே நல்ல கிராங்க் கேஸை எடுத்துக்கொண்டு வேறு எதையோ மாட்டி அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. எஞ்சின் எண் வெட்டியிருக்கும் இடத்தில் அலுமினியப் பெயிண்டைத் தடிப்பாகப் பூசியிருந்தது அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. அதன் மேல் உப்புக் காற்றும் கொட்டகை ஈரமும் சேர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அப்பாவின் யந்திரம்தானா இது, வேறு யாருடையதோ? எண் வேறாக இருந்தால் ஆர்.ஸி. புஸ்தகத்துக்கும் வண்டிக்கும் பொருத்தமில்லை. சர்க்கார் கச்சேரியில் பதில் சொல்லி மாளாது. அதைவிட, "நான் இத்தனை நாளும் காத்துக்கிட்டிருந்தது எதைன்னு எனக்கே தெரியாமப் போயிடும், தம்பி" என்றார்.

மேஸ்திரி அந்த இடத்தைப் பெட்டிக்குள் கொண்டுபோகவில்லை. பெயிண்டைக் கரைக்கும் மருந்தைச் சிறு தூரிகையால் தடவிப் பத்து நிமிஷம் விட்டார். மூங்கில் குச்சியின் முனையால் மெல்லச் சுரண்டினார். "மணல் அடிக்கிற இடத்துல கொடுத்திருந்தா இந்நேரம் நம்பரோட சேர்த்து வழிச்சு விட்டிருப்பாங்க. அப்புறம் இது யார் வண்டின்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது" என்று சொல்லிக்கொண்டே, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். முதல் இலக்கம் தெரிந்தது. பெரியவர் மடியில் மஞ்சள் பைக்குள் வைத்திருந்த ஆர்.ஸி. புஸ்தகத்தைத் திறந்தார்; ஆனால் பார்க்கவில்லை. படக்கார நண்பரிடம் கொடுத்து, "நீங்க படிங்க" என்றார். நண்பர் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். மேஸ்திரி ஒவ்வொன்றாகத் துடைத்துத் தலையை ஆட்டினார். கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்திருந்த வெள்ளைப் பூப்பு மட்டும் சீக்கிரம் போகவில்லை. மூன்று தடவை நனைத்து மூன்று தடவை சுரண்டவேண்டியிருந்தது.

எண் ஒத்திருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்ச் சிறிது நேரம் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். மேஸ்திரி அந்த இடத்தின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டி, கேஸைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

நாம் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அடை மழை பெய்வதுபோல் இருந்தது. கண்ணாடியின் மேல் ஒரு சிறு குழாய் தண்ணீர் தெளித்துக்கொண்டேயிருக்கிறது. இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. குழாய் முனை நகர்ந்த வழியெல்லாம் கறுப்பு விலகி, தும்பைப் பூவுக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு நிறம் வந்தது. மினுமினுப்பு இல்லை, ஆனால் இருட்டிலும் தெரிகிற ஒரு வெண்மை. வார்ப்பு மணலின் தடம் அந்தத் தோலில் அப்படியே இருந்தது. அறுபது வருஷங்களுக்கு முன் வார்த்தவன் கைவிட்டுப் போனபோது எப்படி இருந்ததோ அப்படி. நம்மையும் ஒரு நிமிஷம் கையுறைக்குள் கை விடச் சொன்னார்கள். குழாய் முனை, கையில் பிடித்த தவளை போல் துடிக்கிறது.

எல்லாப் பாகத்தையும் இப்படிச் செய்துவிடலாமா என்றால், கூடாது. புல்லட்டின் ஸிலிண்டர் வார்ப்பிரும்பு. நீரில் நனைந்து வெளியே வந்த நிமிஷத்திலேயே செந்துரு பூத்துவிடும். துரு தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்தாலும், உடனே காய வைத்து எண்ணெயோ கறுப்புப் பூச்சோ போட்டுவிட வேண்டும். புதுப்பேட்டையில் வாங்கிய டைமிங் கவரோ, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கண்ணாடி போல் மெருகேற்றி வந்தது. அதை மணியால் அடித்துவிட்டு அப்படியே விட்டால் அதன் லட்சணம் போய்விடும். பிறகு துணிச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்ற வேண்டும். கிராங்க் கேஸுக்கு மெருகு ஏற்றுவது மற்றொரு அசட்டுத்தனம். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களில் சிலர் கண்ட இடமெல்லாம் பளபளக்கச் செய்து, பாட்டிக்கு உதட்டுச் சாயம் பூசிய மாதிரி ஊர்வலம் விடுகிறார்கள். நமக்கு அது ரஸிக்கவில்லை. மேஸ்திரியின் அபிப்பிராயமும் அதுவே. ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் கேட்டால் செய்து கொடுத்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

கேஸின் இரண்டு பாதிகளும் வெளியே வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேலை முடிந்ததென்று நாம் நோட்டுப் புஸ்தகத்தை மூடப் போனோம். "இனிமேத்தான் ஸார் வேலையே" என்றார் மேஸ்திரி.

யந்திரத்தின் உள்ளே எண்ணெய் ஓடுவதற்குக் குறுகலான வழிகள் குடைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நாலு கண்ணாடி மணி தங்கிவிட்டாலும் போதும். யந்திரம் ஓடத் தொடங்கியதும் எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குள் போய் அரைத்துவிடும். வெளியே வெள்ளி போல் மின்னிக்கொண்டு, நூறு மைலுக்குள் உள்ளே பொடியாகிப் போன யந்திரங்களைத் தாம் பிரித்துப் பார்த்திருப்பதாக மேஸ்திரி சொன்னார். ஆகையால் அடைத்திருந்த மூடிகளையும் ஆணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஆணித் துவாரங்களில் மரை வெட்டும் கருவியைத் திருகி எடுத்தார். வெந்நீரில் சோப்புக் கரைத்து ஊற்றினார். வீணைத் தந்தி போன்ற கம்பியில் சுற்றிய சின்னத் தூரிகையை ஒவ்வொரு வழியிலும் விட்டு இழுத்தார். காற்றடித்தார். ஒரு வழியின் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மறு வாயிலிருந்து ஊதினார். துணியை வெயிலில் விரித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டு மூன்று இடத்தில் வைரத்தூள் போல் மின்னிற்று.

மறுபடியும் வெந்நீர், மறுபடியும் தூரிகை, மறுபடியும் காற்று. இரண்டாம் துணியில் ஒரே ஒரு மணி மின்னிற்று. மூன்றாம் துணியில் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. படக்கார நண்பர், படம் வரைகிறவர்களுக்கு உரிய கூர்மையான கண்ணால் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். மேஸ்திரி துணியை வாங்கி மடித்து வைத்துவிட்டு, இன்னொரு அடுக்கு வெந்நீர் போடும்படி பையனிடம் சொன்னார்.